மேசையில் இரண்டு டப்பா

மார்வா முப்பதாவது தோட்டாவைப் பெட்டியில் சொருகியபோது, கொட்டகை வாசல் வழியாகப் பஞ்சு மிதந்து வந்துகொண்டிருந்தது. ஜூன் மாதத்தில் பிட்டர்ரூட் ஆற்றங்கரை மரங்களில் பஞ்சுக் காய்கள் எல்லாம் வெடித்து, வெயிலிலேயே பனி பெய்வதுபோல் இருக்கும். காலையில் அதைப் பார்த்தபடி என் நினைப்பு எங்கேயோ போய்விட்டது. என் கைகள் மட்டும் இங்கே வேலை செய்திருக்கின்றன.

எங்கள் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காது. பெரிய தோட்டாவின் பித்தளைக் கூட்டை வாங்கி, கழுத்தைச் சுருக்கி, நாங்களே உருவாக்கியது. அதற்குள் எந்த வெடிமருந்து, எவ்வளவு போடுவது என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஆறு மருந்துகளைக் குறைந்த அளவிலிருந்து போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கழித்து, மூன்று வருஷத்தில் மெதுவாக எரியும் ஒன்றில் வந்து நின்றோம். ஆயிரம் கஜத்தில் மார்வா சுட்ட ஐந்து குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுந்தன. அந்த மருந்து இப்போது கடைக்கு வருவதில்லை. இருந்தது கடைசி டப்பா. நாளைக் காலை துப்பாக்கி சுடும் போட்டி.

"மார்வா, அந்தப் பெட்டியை அப்படியே வை."

"ஏன், நீ ஒரு தடவை முத்தம் கொடுக்கணுமா?"

"காலையில என் சின்ன ரைஃபிளுக்கு மருந்து அளந்தேன்ல. மிச்சத்தைத் திருப்பிக் கொட்டினேன். எந்த டப்பாவுலன்னு தெரியல."

அவள் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அந்தச் சின்ன ரைஃபிள் மருந்து வேகமாக எரிவது. அவளுடைய பெரிய கூட்டில் அது ஒரு கைப்பிடி கலந்திருந்தாலும் துப்பாக்கி தாங்காமல் போகலாம். சுடும்போது அவள் கன்னம் கட்டையில் சாய்ந்திருக்கும். கண்ணுக்கும் இரும்புக்கும் ஒரு சாண்கூட இருக்காது.

"ரெண்டு டப்பாவும் மேசை மேலயா இருந்துச்சு?"

"ஆமா."

"ஒரு நேரத்துல ஒரு டப்பாதான்னு கிளப்புல போர்டு எழுதி மாட்டினது யாரு, வெண்டல்? நீதானே?"

"போர்டுல எழுத்து அழகாத்தான் இருக்கு."

அவள் தன் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைக் கிண்ணத்தில் தூவினாள். இருவரும் குனிந்து பார்த்தோம். கரிய குச்சிகள். சில ஒரு மயிரிழை குட்டையாகத் தெரிந்தன. தலையைச் சாய்த்தால் அதுவும் தெரியவில்லை. சரியான டப்பாவாகவே இருக்கலாம். பத்துக்கு எட்டு அப்படித்தான்.

அவள் பிடுங்கும் சுத்தியலை எடுத்தாள். தோட்டாவை அதில் மாட்டி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று விழும். ஒன்று. இரண்டு. மூன்று.

"எப்ப ஞாபகம் வந்துச்சு?" திரும்பாமலே கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம்.

"நீ பன்னெண்டாவதைப் போடும்போது."

சுத்தியல் நின்றது. மீதிப் பதினெட்டையும் நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவள் கணக்குப் போடுவது தெரிந்தது. பிறகு மறுபடி தட்டினாள், இன்னும் பலமாக. முப்பதாவது குண்டும் கழன்று விழுந்தது.

"நாம கழிச்ச அஞ்சாவது மருந்து இருக்கா?"

"இருக்கு. நோட்டுல அளவும் இருக்கு. ஆனா குண்டு வாளி மூடி அகலத்துக்குச் சிதறும்."

"சிதறட்டும். நான் அளந்துக்கறேன். நீ எதையும் தொடாத."

கொட்டகைக்குப் பின்னால், சரளைக் கல்லின் மேல், சந்தேகத்துக்குரிய அந்தக் கடைசி டப்பா மருந்து முழுவதையும் அவள் நீளக் கோடாகக் கொட்டிக்கொண்டே போனாள். நுனியில் தீக்குச்சி வைத்தாள். சத்தமே இல்லை. சுடர் வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் கோட்டின்மேல் நடந்தது. அதன் அனலுக்கு அப்பால் மலை முழுவதும் தண்ணீரில் விழுந்த நிழல்போல் நெளிந்தது. கோட்டின் அந்தக் கோடியில் நின்ற மார்வாவும் நெளிந்தாள்.