நீலச் சைக்கிளின் இலக்கம்

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையின் கடைசி வீடு ரிப்கானுடையது. காலி வீதியில் அவருக்கு மின்சாரப் பொருட்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. எனினும் அவருடைய மனம் குடியிருந்தது பழைய ரேசிங் சைக்கிள்களிடம்தான். பெயரும் நிறமும் அழிந்துபோன ஒரு சைக்கிளைத் தடவிப் பார்த்து, அது எந்த நாட்டில், எந்த ஆண்டில், என்ன மாதிரியாகச் செய்யப்பட்டது என்று சொல்வதில் அவருக்கு அளவற்ற இன்பம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் ஒரு துருப்பிடித்த சட்டத்தைச் சுமந்துகொண்டு அவருடைய வாசலுக்கு வருவது வழக்கமாயிற்று.

அந்த ஞாயிறு வந்தவர்கள் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த சவுந்தரநாயகமும் அவர் மனைவி மரியகொறற்றியும். முச்சக்கர வண்டியிலிருந்து கணவர் ஒரு கறுப்புச் சைக்கிளை இழுத்து இறக்க, மனைவி கழற்றியிருந்த அதன் முன்சில்லை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"இன்னொண்டா?" என்று உள்ளேயிருந்து ரிப்கானின் மனைவி ஷபீகா குரல் கொடுத்தாள். "இந்த ஊட்டுல மனுசருக்கு நிக்க எடமில்ல. சைக்கிள் எல்லாம் ஹோல்ல, நாங்க குசினீல."

"அவ அப்படித்தான் அங்கிள், நீங்க வாங்க," என்றார் ரிப்கான். "போன மாசம் ஒரு இத்தாலிக்காரன் வந்தான், ரேசிங் சைக்கிள். அவனக் கட்டில்ல படுக்கவெக்கலண்டுதான் எனக்கும் கவல."

சவுந்தரநாயகம் சிரிக்கவில்லை. "தம்பி, இது என்ர மகன்ர சைக்கிளோ எண்டு நீங்கள் பாத்துச் சொல்லவேணும்," என்றார்.

ரிப்கானின் முகத்திலிருந்த விளையாட்டு அக்கணமே மறைந்தது.

அவர்களுடைய ஒரே மகன் சுமன், யுத்தம் முடிவதற்கு முந்திய ஆண்டில், ஒரு காலைப்பொழுதில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வகுப்புக்குப் புறப்பட்டுப் போனான். போனவன் வகுப்புக்கும் வந்து சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. வெளியே சென்ற இளைஞர்கள் வீடு திரும்பாத காலம் அது. அவனோடு அவனுடைய நீல நிற ரேசிங் சைக்கிளும் போயிற்று. சட்டத்தின் அடியில் பொறித்திருந்த இலக்கத்தைத் தகப்பன் மனப்பாடமாக வைத்திருந்தார். எந்த அலுவலகத்தின் எந்த மேசைக்கு முன்னால் நின்றாலும், மகனுடைய பெயருக்கு அடுத்ததாக அந்த இலக்கத்தைச் சொல்வார். வீட்டிலும் சொல்வார், சவரம் செய்யும்போதும், படுக்கையை விரிக்கும்போதும் அவருடைய உதடுகள் அதையே முணுமுணுக்கும்.

கணவனும் மனைவியும் ஒரு விடயத்தில் மட்டும் ஒருபோதும் ஒன்றுபட்டதில்லை. நவம்பர் மாதம் பிறந்ததும் அவர்களுடைய கோயிலில் இறந்தோருக்காகப் பூசை நடக்கும். பங்கு மக்கள் தத்தம் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை முன்கூட்டியே கொடுப்பார்கள். சுவாமியார் அவற்றைப் பீடத்திலிருந்து வாசிப்பார். சுமனுடைய பெயரும் அங்கே ஒலிக்க வேண்டும், அவனுடைய ஆத்துமாவுக்கு ஒரு செபமாவது போய்ச் சேர வேண்டும் என்பது தகப்பனின் தவிப்பு. "உயிரோட இருக்கிற பிள்ளையைச் செத்தவையோட சேத்து வாசிச்சால், அது நாங்களே கொன்றதுமாதிரி," என்பாள் தாய். அவளோ செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் சென்று, உயிரோடிருப்பவனுக்காக மெழுகுதிரி ஏற்றுவாள். ஒவ்வோர் ஆண்டும் அவர் பெயர் கொடுக்கப் போவார். அவள் தலையை அசைத்து மறுப்பாள். அவர் மற்றப் பெயர்களை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்புவார்.

அந்த வாரம்தான், களனியில் ஆற்றங்கரையோரப் பழைய இரும்புக் கடை ஒன்றில், சவுந்தரநாயகம் இந்தச் சைக்கிளைக் கண்டார். ஹாண்டிலின் வளைவு அவரை அசையவிடவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குக் கடைக்காரர், "தன்னே நே மாத்தயா," என்று சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்தார். தெரியாது என்பதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை. சட்டத்தின் அடி முழுவதும் கிறீசும் சேறும் இறுகிக் கல்லாகிக் கிடந்தன. அதைச் சுரண்டிப் பார்க்கும் துணிவு, அத்தனை ஆண்டுகள் அந்த இலக்கத்தைச் சுமந்தவருக்கு அந்த இடத்தில் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்; அங்கேயும் அதன் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

ஒரு தாய் நண்டு கடற்கரையில் நண்டின் வெறும் ஓடு ஒன்றைக் கண்டதாம். அது தன் பிள்ளையின் ஓடேதான் என்று அதற்குத் தோன்றிற்று. வளர்ந்த பிள்ளை பழைய ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிய ஓட்டோடு எங்கோ உலாவுகிறதா? அல்லது கொக்கு தின்றது போக எஞ்சிய ஓடா இது? ஓடு இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது. அலை வந்து அதை இழுத்துப் போகட்டும் என்று காத்திருந்த நண்டு, அலை வந்தபோது தன் கொடுக்கால் அதை இறுகப் பிடித்துக்கொண்டதாம். மரியகொறற்றியின் நிலையும் அதுவாகவே இருந்தது.

ரிப்கான் சைக்கிளைக் கம்பியில் தொங்கவிட்டு, விளக்கைக் கிட்டப் பிடித்தார். பின்சில்லுக்கு மேலே கறுப்பு வர்ணத்தைச் சிறு கத்தியால் மெதுவாகச் சுரண்டினார். கறுப்பின் கீழே பச்சை. பச்சையின் கீழே நீலம்.

"நீலம்!" என்றார் சவுந்தரநாயகம்.

"அவசரப்படாதீங்க அங்கிள். இந்த மொடலுக்குக் கொம்பனியே அடிக்கிற கலர் நீலந்தான்." முன்னாலிருந்த குழாயைச் சுட்டிக்காட்டினார். "கொம்பனி பட்ஜ் இல்ல. ஆனா அதப் பூட்டுற ஓட்ட ரெண்டும் மேலயும் கீழயும் இருக்கு பாருங்க, பக்கத்துல இல்ல. இது ஜப்பான்ல செஞ்ச கமோமே. கேபிள் புடிக்கிற கொளுவி சட்டத்தோடயே ஒட்டிக் கெடக்கு. அதுக்கு முந்தின மொடல்ல இது வேறயா, கிளிப் போட்டுத்தான் இருக்கும்." பிறகு பெடலைத் தாங்கும் கிராங்கின் உட்புறத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தார். இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. "மொதல் எழுத்து வருஷம், ரெண்டாவது மாசம். எண்பதாம் ஆண்டு, ஜூலை. மகன்ட சைக்கிள் எந்த வருஷம் எண்டு தெரியுமா?"

"எண்பது எண்டுதான் வித்தவர் சொன்னவர். கமோமேதான், தம்பி, கமோமேதான்." முதியவர் மனைவி பக்கம் திரும்பினார். "கொறற்றி, கேட்டனியே?"

மரியகொறற்றி முன்சில்லை இன்னும் கீழே வைக்கவில்லை.

"ஆனா அங்கிள், இதே மொடல்ல கொழும்புக்கு நெறைய வந்திருக்கு. என்ட கையாலயே மூணு நாலு செஞ்சிருக்கன். நம்பர் பாத்தாத்தான் சரி." ரிப்கான் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பினார். பெடல் அச்சு பொருந்தும் குழாயின் அடியில் விளக்கைப் பிடித்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

அங்கே கிறீசும் இல்லை; சேறும் இல்லை; இலக்கமும் இல்லை. இரும்பு புதிதாக, வெள்ளியைப்போல மின்னிக்கொண்டிருந்தது.

"ஆரு இத அரத்தால அராவின?" என்று கேட்டார். "இது பழைய வேல இல்லையே. ரெண்டு மூணு நாள்தான் இருக்கும். நம்பர்ட அடி வரைக்கும் அராவியிருக்கு. இனி எடுக்க ஏலா."

"கழுவினது நீதானே?" சவுந்தரநாயகம் மனைவியைப் பார்த்தார். "சைக்கிளை ஆசீர்வாதத்துக்கு அந்தோனியாரிட்ட ஊத்தையோட கொண்டுபோகக் கூடாது எண்டு கழுவினனான் எண்டு சொன்னாய். நான் பூசைக்குப் போன நேரம்..."

"ஓம். நான்தான் அராவினனான்."

"ஏன்?"

"அது அவன்ர நம்பரெண்டால் நீங்கள் இந்த நவம்பருக்குப் பேர் குடுத்திடுவியள்."

குசினி வாசலுக்கு வந்திருந்த ஷபீகா, தேநீர்த் தட்டோடு அங்கேயே நின்றாள். ஒழுங்கையின் முனையில் ஒரு ரயில் பாணந்துறைப் பக்கமாக ஓடி மறைந்தது.

"அப்ப நீ வாசிச்சனி," என்றார் சவுந்தரநாயகம் மிக மெதுவாக. "கிறீஸைத் துடைச்சாப்பிறகுதானே அராவியிருப்பாய். என்ன நம்பர், கொறற்றி? நான் கோவிக்கமாட்டன். அதுவோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

மரியகொறற்றி அந்த மின்னும் இரும்பைப் பார்த்தாள்.

"முதல் ரெண்டு இலக்கமும் கண்டனான். பிறகு உங்கட குரல் கேக்கத் துவங்கிட்டுது. இத்தனை வருஷமாய் நீங்கள் சொல்லிச் சொல்லி அது என்ர காதுக்குள்ளயே கிடக்குதப்பா. மிச்சத்தை நான் கண்ணால கண்டனானோ, காதால கேட்டனானோ எண்டு எனக்கே தெரியேல்ல. திரும்ப ஒருக்காப் பாத்திருக்கலாம். பயந்துபோய் அரத்தை எடுத்தனான்."

"பொய் சொல்லாத."

"நான் அதுதான் எண்டால் நீங்கள் நம்புவியள். இல்லை எண்டால் நம்பமாட்டியள். பிறகு ஏன் என்னட்டக் கேக்கிறியள்?"

ரிப்கான் விளக்கை அணைத்தார். "அங்கிள், சைக்கிள் எந்த மொடல், எந்த வருஷம் எண்டா நான் சொல்லுவன். ஆருடது எண்டு என்னால..." என்று தொடங்கி, அதை முடிக்காமல் விட்டார். ஷபீகா மரியகொறற்றியின் கையிலிருந்த சில்லை வாங்கிச் சுவரோடு சாத்திவிட்டு, அவளை நாற்காலியில் இருத்தினாள்.

அன்று முதல் அந்த வீட்டில் இலக்கம் கேட்கவில்லை. சவரம் செய்யும்போதும், படுக்கையை விரிக்கும்போதும் சவுந்தரநாயகத்தின் உதடுகள் மூடியே இருந்தன. அவர் அதைச் சொல்லாமல் விட்டது கோபத்தினால் அல்ல. ஒவ்வொரு முறை சொன்னபோதும், அவளுடைய கண்ணுக்கும் அந்த இரும்புக்கும் இடையே தாமே ஒரு திரையைத் தொங்கவிட்டு வந்ததாக அவருக்குப் பட்டது.

நவம்பர் நெருங்கியது. பெயர் கொடுக்கும் நாளில் இருவரும் கோயிலின் பக்கத்து அறைக்குப் போனார்கள். அங்கே இருந்த சிஸ்டர், சவுந்தரநாயகத்தின் தாய் தகப்பன் பெயர்களை எழுதிக்கொண்டார். மரியகொறற்றியின் தமையன் பெயரையும் எழுதிக்கொண்டார்.

"இன்னும் ஆரும் இருக்கினமோ, ஐயா?"

சவுந்தரநாயகம் வழக்கம்போல மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய தலை அசைந்து மறுக்கும் என்று காத்திருந்தார். அது அசையவில்லை. அவள் தரையைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் மடியில் விட்டு இருந்தாள். இனி எதையும் பிடித்துவைக்கும் வலு அந்தக் கைகளில் இல்லை.

அத்தனை ஆண்டுகளும் அவர் அந்தச் சம்மதத்துக்காகத்தான் மன்றாடியிருந்தார். இப்போது அது கிடைத்தபோது, மகனுடைய பெயரைச் சொல்ல அவர் அஞ்சினார். வீட்டில் ஒருவராவது அவன் உயிரோடு இருக்கிறான் என்று பிடிவாதமாய் நின்றதனால்தான், மற்றவரால் அவன் இறந்துவிட்டான் என்று நினைக்கவாவது முடிந்தது என்பதை அவர் அப்போதுதான் உணர்ந்தார்.

"ஐயா?" என்றார் சிஸ்டர் மறுபடியும்.

"இல்லை, சிஸ்டர்," என்றார் சவுந்தரநாயகம். "வேற ஒருத்தரும் இல்லை."

மரியகொறற்றி அழத் தொடங்கினாள். அவர் அவளைத் தேற்றவில்லை. அவளுடைய தோளைப் பிடித்து எழுப்பி, வாசலை நோக்கி மெல்ல நடத்திக்கொண்டு போனார்.