கர்னலுக்குக் கதவு திறக்காத வீடு

பென்சில்வேனியாவின் அந்தப் பக்கத்தில் எந்தப் பழைய வீட்டைப் பார்த்தாலும் வாசலில் ஒரு பலகை இருக்கும். அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது இன்ன தளபதி இங்கே ஓர் இரவு உறங்கினார் என்று. பலகைகளையெல்லாம் நம்பினால் அந்த மனிதர்களுக்குப் போர் செய்ய நேரமே இருந்திருக்காது. கெர்ஷ்வில் ஊரின் பெருமை வேறு மாதிரி. இங்கே ஒரு கர்னலைத் தூங்க விடவில்லை.

விடாதவள் டபிதா லென்ஹார்ட், சத்திரக்காரி. பனிக்கால இரவொன்றில் கர்னல் திரேன் வந்து கதவைத் தட்டியபோது அவளுடைய கட்டில்களில் காய்ச்சலோடு சாதாரணச் சிப்பாய்கள் கிடந்தார்கள். ஒருத்தனையும் எழுப்ப மாட்டேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். கர்னல் மாட்டுக் கொட்டகையில் படுத்தார். பள்ளிப் புத்தகத்தில் அவருக்கு அரைப் பக்கம் உண்டு, படத்தோடு. டபிதாவுக்கு அரை வரிகூடக் கிடையாது.

இதில் மார்வா ஹெஸ்ஸுக்குத் தீராத எரிச்சல். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவன் இறந்த பிறகு டபிதாவின் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு அந்த வீட்டையே தன் வேலையாக்கிக்கொண்டாள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஊர் கூடி அந்தச் சம்பவத்தை வாசலில் நடித்துக் காட்டும். மார்வாதான் டபிதா. கர்னல், பஸ் மெக்கானிக் கிளெய்டன் குரோஃப். அவன் தட்டுவான், அவள் விரட்டுவாள், முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படும், ஊர் கைதட்டும். பிறகு எல்லோரும் தேவாலயக் கூடத்தில் கோழிக் குழம்பும் வெல்லப்பாகு ஊற்றிச் சுட்ட இனிப்பும் சாப்பிடப் போவார்கள்.

இந்த வருஷம் மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்கிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தாள். சரித்திர இடங்களுக்கு மாநிலம் நட்டு வைக்கும் நீலப் பலகையை டபிதாவுக்குத் தரலாமா என்று பார்க்க. மார்வா எத்தனையோ வருஷம் மனுப் போட்டு, மன்றாடி, சண்டையும் பிடித்து வரவழைத்த ஆள்.

"ஏண்டி, வருஷா வருஷம் ஒருத்தன் மூஞ்சியில கதவைச் சாத்துறியே, பாவமா இல்ல?" என்றாள் தோழி பெர்னிஸ், மார்வாவின் தலைக்குல்லாய்க்கு முடிச்சுப் போட்டபடி.

"கர்னல் மூஞ்சியிலதானே சாத்துறேன்."

"கர்னல் செத்து மண்ணாப் போயாச்சு. மூக்குல அடி படுறது கிளெய்டனுக்கு."

"அவன் வாயைத் திறந்து ஏதாவது கேட்டிருக்கானா? என் வீட்டுப் பனியெல்லாம் அள்ளிப் போடுறான், காரைப் பாத்துக்குறான். உக்காருன்னா 'ம்', காப்பின்னா 'ம்'. நானா போய்க் கேக்கணுமா?"

"கேட்டாத்தான் என்ன?"

"போடி" என்றாள் மார்வா. ஆனால் முகம் சிவந்துவிட்டது.

நாடகம் தொடங்கியது. கதவு தட்டப்பட்டது. மார்வா திறந்து, "யாரது, இந்த நேரத்துல?" என்று அதட்டினாள்.

கர்னல் தன் பெயரைச் சொல்லிப் படுக்க இடம் கேட்க வேண்டும். கிளெய்டன் தொப்பியைக் கழற்றினான். காதுவரைக்கும் சிவந்திருந்தான்.

"மார்வா, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"கர்னலுக்கு அவசரம் ஜாஸ்திப்பா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். ஹாரிஸ்பர்க் அம்மாள் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

மார்வாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. படுபாவி, கேட்பதற்கு இவனுக்கு இந்த இடம்தானா கிடைத்தது? சீருடையும் வாளும் இருந்தால்தான் வாய் திறக்குமா? இந்த வாசலில் கேட்கிற எதற்கும் ஒரே பதில்தான் என்பது இவனைவிட யாருக்குத் தெரியும்? உள்ளே விட்டால் எல்லாம் கேலிக்கூத்தாகிவிடும், டபிதா மறுபடியும் அரை வரி இல்லாதவளாகிவிடுவாள். சாத்தினாலோ, ஒரு வாக்கியத்துக்கு இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டவன் இந்த ஜென்மத்தில் இன்னொன்று பேச மாட்டான். அழுகை முட்டியது.

"என் கட்டில்ல காய்ச்சலோட பசங்க படுத்திருக்காங்க, கர்னல்" என்றாள். "ராஜாவே வந்தாலும் எழுப்ப மாட்டேன். கொட்டகைக்குப் போங்க."

அறைந்து சாத்தினாள். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. வெளியே இதுவரை கேட்டிராத கைதட்டல்.

மார்வா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வைக்கோல் பொம்மைச் சிப்பாய் ஒருவனைக் கட்டிலோடு இடித்துத் தள்ளிவிட்டு, சமையலறையைத் தாண்டிப் பின்கதவைத் திறந்தாள். கிளெய்டன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பனியில் கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

"ஏய், கிளெய்டன்!"

திரும்பினான்.

"கேளு."

"கேட்டாச்சே" என்றான் பரிதாபமாக. "நீதான் சாத்திட்டியே."

"டபிதாகிட்ட கேட்ட, அவ சாத்துனா. என்கிட்ட எங்க கேட்ட?"

அவன் வாளைச் சரிசெய்தான். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டான். பிறகு கேட்டான். ஒரு சொல் விடாமல், முழுசாக.

"சரி" என்றாள் மார்வா. இப்போது அழுதே விட்டாள். "சரிடா, மடையா."

அவன் ஓட்டமாக அவளை நோக்கி வந்தான். அதற்குள் வீட்டின் பக்கவாட்டில் பனியில் காலடிச் சத்தம் கேட்டது. ஹாரிஸ்பர்க் அம்மாள் பின்பக்கத்தைப் பார்வையிட வந்துகொண்டிருந்தாள்.

மார்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுடைய நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள்.

"போ, போ. கொட்டகையில போய்ப் படு."