எழுந்திரு, ஜெயவேலு

1

இந்தக் கதை பிறந்ததற்கு என் கற்பனை காரணமில்லை. முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு ரசாயனப் பாதுகாப்பு பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார் பேராசிரியர். "விதிமுறையா எழுதினா தூங்கிடுவானுங்க, கதையா எழுது." என் கதைக்கும் தூங்குவார்கள் என்று அவருக்குத் தெரியாது.

முதல் வரி: 'அன்று திருவொற்றியூரில் கடற்காற்று...'

(வேண்டாம். கூப்பிடாமலே எல்லாக் கதைக்கும் வந்துவிடுகிறது இந்தக் காற்று.)

2

1973. ஒரு தொழிற்சாலை. பெயரைத் தேடாதீர்கள். பயிற்சிக்குப் போன பொறியியல் மாணவர்கள் மூன்று பேர்: நான், வியாசர்பாடி ஜெயவேல், ராயபுரம் ஃப்ளோரன்ஸ்.

முதல் வாரம் தீ விபத்து ட்ரில். புகை வந்தால் தரையோடு படு, நான் சொல்லும்வரை எழாதே என்றார் பயிற்சி அதிகாரி ஆறுமுகநயினார். நாங்கள் பாதியில் எழுந்து சட்டையைத் தட்டினோம். ஜெயவேல் மட்டும் கடைசிவரை கிடந்து பாராட்டு வாங்கினான்.

(கதாநாயகனாக இவன் தேறுவானா என்று எனக்கு இங்கேயே சந்தேகம்.)

3

அடுத்த வாரம் கொட்டகையில் குளோரின் உருளை ஒன்றின் வால்வு கசிந்தது. நானும் ஃப்ளோரன்ஸும் வெளியே இருந்த இரும்புப் படியில் ஏறிவிட்டோம். ஜெயவேல் கொட்டகை வாசலிலேயே குப்புறப் படுத்துவிட்டான்.

[மாணவர்களே, குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். தரையில்தான் தேங்கும். பரீட்சைக்கும் வரும், வாசலுக்கும் வரும்.]

"டேய், மேல வாடா!" என்று கத்தினாள் ஃப்ளோரன்ஸ்.

"நீங்களும் படுங்கம்மே! கீழதான் நல்ல காத்து கீது!"

"இது பொகை இல்லடா, குளோரின்! எழுந்திரு!"

"சார் இன்னும் சொல்லலியே..." இருமல் அவன் பேச்சை விழுங்கியது. மஞ்சள் பச்சையாக ஏதோ அவனை நோக்கி ஊர்ந்தது. நான் படியின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். வாயு முகமூடி போட்ட மீட்பு ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை.

அப்போது ஃப்ளோரன்ஸ் அடிவயிற்றிலிருந்து ஒரு பொய் சொன்னாள்:

"ட்ரில் முடிஞ்சிது! ஆறுமுகநயினார் சார் எழுந்திருக்கச் சொல்ட்டாரு!"

ஜெயவேல் எழுந்தான். சட்டையைத் தட்டிவிட்டு, இருமிக்கொண்டே படியேறினான். மேல்படியில் அவன் காலரைப் பிடித்தவள், ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை.

4

முடிவுகள்:

அ) ஜெயவேல் இறக்கிறான். பாடம் மனதில் நிற்கும். எழுத ஆரம்பித்து, 'அவனுடைய அம்மா கெங்கம்மா' என்பதோடு நிறுத்திவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்த ஜெயவேல், "இன்னா மாமு, நான் டீ குட்ச்சிகினு கீறேன், நீ சாவடிக்கிற?" என்றான்.

ஆ) இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஃப்ளோரன்ஸிடம் காட்டினேன். "இவனா? யாராவது உத்தரவு போடுற வரைக்கும் மணவறையிலயே படுத்துக் கெடப்பான்."

இ) நடந்தது. ஆஸ்பத்திரி, வீடு, பட்டம், வேலை. மூச்சில் ஒரு சின்ன விசில் மட்டும் மிச்சம். காப்பாற்றியதைப் பற்றி அவளிடம் அவன் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நீயே எய்திடு நைனா. எனக்கு வாய் வரல."

எழுதிப் பார்த்தேன். எல்லாம் பிரிவுபசார விழாப் பேச்சாகவே வருகிறது. அந்தச் சின்ன விசில் என் காதருகே கேட்கும்போது, எந்தச் சொல்லும் போதவில்லை எனக்கு.

இன்று மாலை ஃப்ளோரன்ஸ் இதைப் படிக்க வருகிறாள். அதற்குள் உங்களில் யாராவது நிரப்பிக் கொடுங்கள்:

ஜெயவேல் அவளைப் பார்த்துச் சொன்னான்: "........................"