எழுந்திருக்கும் காட்சி

அவரை எல்லோரும் ‘தொப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருடமாகப் படங்களில் தொப்பென்று விழுவதுதான் அவருக்குப் பிழைப்பு. சோப்புத் தண்ணீர், கால் ஒடிந்த நாற்காலி, மூடாமல் விட்ட குழி என்று எதிலும் விழுவார். உடம்பு தரையைத் தொட்டதும் ‘கட்’ என்று குரல் வரும். தியேட்டரில் சிரிப்பு அள்ளும்போது திரையில் அடுத்த காட்சி வந்திருக்கும்.

இந்தப் புதுப் படத்தில் வீட்டு ஓனர் வேடம். பூனை வளர்க்கிறாள் என்று குடியிருக்கும் பெண்ணைக் காலி பண்ணச் சொல்லிக் கத்திக்கொண்டே மாடிப்படி ஏறி, ஈரத்தில் வழுக்கி விழ வேண்டும். டைரக்டர் சின்ன உருவமாக ஒரு பெண்மணி. அதிர்ந்து பேசமாட்டார். காலையில் வந்ததும் அவர் கேட்ட கேள்வி தொப்புவுக்கு விளங்கவில்லை.

“சார், இந்த ஓனர் வீட்டுல யார் யாரு இருக்காங்க?”

“எனக்கெப்படிம்மா தெரியும்? நான் விழ வந்தவன்.”

“சும்மா யோசிச்சு வையுங்க” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

தொப்பு கத்தினார், ஏறினார், விழுந்தார். எல்லாம் கச்சிதம். ஆனால் ‘கட்’ வரவில்லை.

தொப்பு அப்படியே கிடந்தார். விளக்கின் வெளிச்சத்தில் தூசி மெல்ல மிதந்துகொண்டிருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. படியின் குளிர்ச்சி முதுகில் ஏற ஏற, தான் யார் வீட்டில் கிடக்கிறோம் என்பதே மங்கிப்போயிற்று. இந்த மனிதன் வீட்டில் யாருமே இல்லை என்று திடீரென்று தோன்றியது. அதனால்தான் ஒரு பூனைமேல் இத்தனை ஆத்திரம். கை தன்னால், கழன்று விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேடியது. குடியிருக்கும் பெண்ணாக நடித்த நடிகை இரண்டு படி இறங்கி வந்து, அதை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்து அவருக்கு மாட்டிவிட்டாள்.

“பூனைக்கு என்ன பேரு?” என்றார் அவர். வசனத்தில் இல்லாத வார்த்தை.

பிறகு கைப்பிடியைப் பிடித்து மெல்ல எழுந்தார். அப்புறம்தான் ‘கட்’ வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

தயாரிப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. “விழுந்ததோட வெட்டிடுங்க. சிரிப்பு வந்தாச்சு, அப்புறம் என்னத்துக்கு இழுவை?”

“அவரை அங்க போட்டுட்டு என்னால அடுத்த சீனுக்குப் போக முடியாது” என்றார் டைரக்டர், அதே தணிந்த குரலில். காட்சி வெட்டுக்குத் தப்பியது.

படம் வந்த அன்று மதியம் தியேட்டருக்குத் தொப்புவின் மனைவியும் கூட வந்தாள். அவளுக்கு அவர் படங்கள் என்றாலே ஆகாது. அவர் இடுப்புக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து, அந்தச் சிரிப்பின் மேலேயே அவளுக்குக் கோபம். இருட்டில் அவர் விழுந்ததும் அரங்கம் அதிர்ந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் சிரிப்பு மெல்ல அடங்கியது. தண்ணீர் சொட்டுவது கேட்டது. முந்நூறு பேர் சேர்ந்து ஒரு மனிதன் எழுவதற்குக் காத்திருந்தார்கள். ‘பூனைக்கு என்ன பேரு?’ என்றதும் மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை இளஞ்சூடாக, யாரோ தோளில் கை போட்டதுபோல. தொப்பு திரும்பிப் பார்த்தால், மனைவியும் நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வெயிலில் ஒருத்தர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார். “அடி ஏதும் பட்டுச்சாங்க?”

மனைவிதான் பதில் சொன்னாள்: “இடுப்புல. இன்னும் முழுசா ஆறலை.”

ஒரு வாரம் கழித்து டைரக்டர் போன் செய்தார். அடுத்தது சோகப் படமாம். ஆஸ்பத்திரியில் தம்பிக்குத் துணை இருக்கும் அண்ணன் வேடம்.

“எங்க விழணும்மா?”

“விழவே வேண்டாம் சார். ஆனா நாலு இடத்துல ஜனங்க சிரிக்கணும்.”

“ஆஸ்பத்திரியிலயா?”

“படுத்திருக்கிற தம்பிய சிரிக்க வைக்காம, அண்ணனுக்கு அங்க வேற என்ன சார் வேலை?”

தொப்பு நாற்காலியைப் பால்கனிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. சாயங்காலம் காபி கொண்டுவந்த மனைவி, வாசலிலேயே நின்றுவிட்டாள். எதிரில் இல்லாத தம்பியிடம் அவர் ஏதோ கேலி பேசி, தானே சிரித்துக்கொண்டிருந்தார்.