கழித்து எழுதிய இருபது

முப்பத்தொரு வருடம் நான் பார்த்த வேலை, கருவிகள் காட்டுவது உண்மையா என்று சோதிப்பது. குஷாய்குடா பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் காலிப்ரேஷன் பிரிவு. வோல்ட் மீட்டரோ பிரஷர் கேஜோ, என் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது. ரகுநாதன் பார்த்துவிட்டார் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தத் திமிர் ஓய்வு பெற்ற பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால் என் மனைவி காஞ்சனாவின் உயிரோடு நான் விளையாடியதைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜூன் மாதம் தலைசுற்றல் என்று அவளுக்கு ஸ்கேன் எடுத்தோம். தலைசுற்றலுக்குக் காரணம் காதில் இருந்தது. ஆனால் படத்தில் வேறொன்று மாட்டியது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் பலமிழந்து, பட்டாணி அளவுக்குப் புடைத்திருந்தது. அன்யூரிசம் என்றார் டாக்டர். இன்றைக்கே வெடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அதற்காக விட்டுவைக்கவும் முடியாது என்றார். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்தப் புடைப்புக்குள் பிளாட்டினம் கம்பிச் சுருளை நிரப்பி அடைத்துவிடலாமாம். பிபிக்கு மாத்திரை எழுதி, ஆறு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார். அதுவரை பிபி ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை.

விவரமெல்லாம் சொன்னவள் நர்ஸ் சபீனா. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண்.

"காலைல ஒருவாட்டி, சாயந்தரம் ஒருவாட்டி அங்கிள். ஆன்ட்டி அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும், பாதம் தரையில இருக்கணும், பேசக் கூடாது. மேல் நம்பர் மூணு நாள் சேர்ந்தாப்புல நூத்தி நாப்பதைத் தாண்டிச்சுன்னா எங்களுக்கு போன் பண்ணுங்க, மாத்திரையைக் கூட்டணும். வாய் கோணிச்சு, கை விழுந்துச்சு, பேச்சு குழறிச்சு, இல்ல திடீர்னு மண்டை வெடிக்கற மாதிரி தலைவலி வந்துச்சுன்னா போனெல்லாம் நக்கோ, வேணாம். நேரா ஆம்புலன்ஸ்."

"இதுல எல்லாம் நான் எக்ஸ்பர்ட்மா" என்றேன். அவள் சிரித்தாள்.

கச்சிபௌலியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஹர்ஷிதா ஒரு பிபி மெஷின் வரவழைத்துக் கொடுத்தாள். முதல் நாள் காஞ்சனாவுக்கு 158/94 காட்டியது. எனக்குப் பிடிக்கவில்லை. எந்தக் கருவியையும் நம்புவதற்கு முன், அளவு தெரிந்த ஒன்றை அதில் வைத்துப் பார்க்க வேண்டும். இது தொழிலில் முதல் பாடம். வீட்டில் அளவு தெரிந்தது எது? நான்தான். தினமும் ஏ.எஸ்.ராவ் நகர் பூங்காவில் ஆறு சுற்று நடக்கிறேன், ஒரு மாத்திரை கிடையாது, டாக்டரிடம் போய் எட்டு வருடம் ஆகிறது. பட்டையை என் கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தினேன். 162/98.

எனக்காவது பிபியாவது! மெஷின் மேலே இருபதும் கீழே பத்தும் கூடுதலாகக் காட்டுகிறது என்று அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டேன். நோட்டில் 138/84 என்று பதிந்தேன்.

அப்படியே ஆறு வாரம். ஞாயிறுதோறும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஆஸ்பத்திரிக்கு வாட்ஸப்பில் அனுப்புவேன். சபீனா கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். மாத்திரையைக் கூட்டச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? "பின்மண்டை கனமா இருக்குங்க" என்று காஞ்சனா சொன்னால் நோட்டை விரித்துக் காட்டுவேன். "பாரு, நூத்தி முப்பத்தாறு. கவலைதான் உனக்கு வியாதி." அவள் துணி மடிக்கப் போய்விடுவாள். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அட்மிஷன் நாள். சபீனா கட்டிலோரம் வந்து பிபி பார்த்தாள். 176/104. ஐந்து நிமிடம் விட்டு மறுகையில் பார்த்தாள். 174.

"வீட்டுல நூத்தி முப்பத்தாறுன்னு இருக்கே அங்கிள்?"

"ஆஸ்பத்திரின்னா அவளுக்கு பயம்" என்றேன்.

"வீட்டு மெஷின் கொண்டாந்தீங்களா?"

ஹர்ஷிதா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதையும் காஞ்சனாவின் கையில் கட்டிப் பார்த்தாள் சபீனா. 173.

"மெஷின் சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அதன் ஓரத்தில் இருந்த இன்னொரு பொத்தானை அழுத்தினாள். பழைய ரீடிங்குகள் ஒவ்வொன்றாக வந்தன. மெமரி! எலக்ட்ரானிக்ஸில் முடி நரைத்தவன் நான். அந்தப் பொத்தானைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை. அவள் நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, சத்தமாகக்கூட இல்லை, மெதுவாகத்தான் படித்தாள்.

"மெஷின்ல நூத்தி அறுபது, நோட்டுல நூத்தி நாப்பது. மெஷின்ல நூத்தி அம்பத்தாறு, நோட்டுல நூத்தி முப்பத்தாறு. எல்லாத்துலயும் இருபது குறையுதே அங்கிள்?"

மெஷினில் பிழை இருப்பதாக நினைத்துத் திருத்தம் போட்டேன் என்றேன்.

"திருத்தமா?" என்றாள் ஹர்ஷிதா. "அம்மாவோட ரீடிங்ல மைனஸ் பண்ணி டாக்டருக்கு அனுப்புனீங்களா? கைக்கு பா? ஏன்? யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

ஆனந்தகுமாரின் முகம் ஞாபகம் வந்தது. என் பிரிவில் சேர்ந்த புதிதில், கருவி காட்டிய அளவை எழுதாமல் திருத்திய அளவை மட்டும் எழுதியதற்காக, எல்லோர் முன்னாலும் அவன் மூஞ்சியில் தாளை விட்டெறிந்தேன். "காட்டினதை முதல்ல எழுது, உன் அறிவாளித்தனத்தைப் பக்கத்துல எழுது!" என்று கத்தினேன். அவன் அழுதுவிட்டான். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

"பிழைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள் சபீனா. சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. எட்டு வருடமாக அளந்தே பார்க்காத என்னையே அளவு தெரிந்ததாக வைத்திருக்கிறேன்.

அவள் ஆஸ்பத்திரி மெஷினின் பட்டையை என் கையில் சுற்றினாள். 168/102.

"அன்னிக்கும் மெஷின் சரியாத்தான் காமிச்சிருக்கு. உங்களுக்கும் பிபி இருக்கு அங்கிள். ஸ்ட்ரோக் சொல்லிட்டு வராது."

டாக்டர் வந்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஆறு வாரம் இந்த அழுத்தத்தோட வெடிக்காம இருந்திருக்கு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்று மட்டும் சொன்னார். சிகிச்சை அன்று இல்லை என்றாகிவிட்டது. மருந்தைக் கூட்டி, வார்டிலேயே வைத்து, அழுத்தம் இறங்கிய பிறகுதான் என்றார்.

எல்லோரும் போன பிறகு காஞ்சனாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையை அவளிடம் நான் சொன்னதே இல்லை. அவள்தான் பேசினாள்.

"நீங்க கழிச்சு எழுதறது எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"எனக்கு நம்பர் படிக்கத் தெரியாதா? மெஷின் என் முன்னாடிதானே இருக்கும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன். அது எங்கள் இருவருக்கும் தெரியும். மண்டை கனக்கிறது என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறாள். நான் நோட்டைக் காட்டியிருக்கிறேன்.

ஆறாம் நாள் காலை அவளுக்கு 126/78. கீழே அழைத்துப் போக ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. சபீனா என்னையும் உட்காரச் சொல்லிப் பட்டையைச் சுற்றினாள். எனக்கும் நான்கு நாட்களாக மாத்திரை. 154/92 காட்டியது.

"லிஃப்ட்ல கூட்டம், மூணு மாடி ஏறி வந்தேன், அதனால ஒரு பத்து..." என்று ஆரம்பித்தேன்.

காஞ்சனா படுத்தபடியே கையை நீட்டினாள். நோட்டையும் பேனாவையும் கொடுத்தேன். புதுப் பக்கத்தில் என் பெயரை எழுதி, அதற்குக் கீழே 154/92 என்று எழுதினாள். பிறகு நோட்டை என்னிடம் கொடுக்காமல் ஹர்ஷிதாவின் கையில் கொடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரில் கீழே போனாள்.

இரண்டரை மணி நேரம் கழித்து, சுருள் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னார். நோட்டு இன்றுவரை ஹர்ஷிதாவிடம்தான் இருக்கிறது. தினமும் காலையில் போனில் கேட்கிறாள், மெஷின் காட்டுவதை அப்படியே படிக்கிறேன்.