மங்கலத்திலிருந்து வந்த நகர்த்தல்

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் ஆரோக்கியராஜுக்கு, மனைவி ரோஸ்மேரி இறந்த பிறகு மிச்சமிருந்த ஒரே துணை சதுரங்கம். மங்கலத்தில் விசைத்தறி ஓட்டும் சென்னிமலையை ஒரு போட்டியில் சந்தித்திருந்தான். இருவருக்கும் ஷிப்ட் ஒத்துவராது. அதனால் வாட்ஸப்பில் ஆடினார்கள், நாளுக்கு ஒரு நகர்த்தல். நலம் விசாரிப்புகூடக் கிடையாது.

வெள்ளைக் காய் வந்தால் சென்னிமலையின் தொடக்கம் ஒன்றேதான். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளுவார். அடுத்து பக்கத்துச் சிப்பாயை வெட்டக் கொடுத்துவிட்டுப் பாய்ந்து வருவார். பாதி ஆட்டம் அதனாலேயே தோற்பார். ஆனாலும் மாற்றமாட்டார்.

இந்தப் பங்குனியில் தொடங்கிய ஆட்டத்தில் ராணிக்கு முன்னிருந்த சிப்பாய் நகர்ந்தது. பிறகு அவசரமில்லை, ஒரு பிழையும் இல்லை. ஆரோக்கியராஜ் திணறிப்போனான். "என்ன அண்ணாச்சி, புது ஆட்டமா இருக்கு?" என்று கேட்டு அனுப்பினான். அடுத்த நகர்த்தல் மட்டும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மங்கலத்துக்கு பஸ் ஏறினான்.

சென்னிமலை கண்மூடிக் கட்டிலில் கிடந்தார். வாய் ஒருபுறம் கோணியிருந்தது.

"பக்கவாதமுங்க. மாசிக் கடைசில பேச்சு போயிருச்சுங்க," என்றாள் மருமகள் சண்முகப்பிரியா.

"அப்போ எங்கூட ஆடுதது யாரும்மா?"

அவள் தலை குனிந்தாள். "நாந்தானுங்கண்ணா. எனக்கு ஆடத் தெரியாதுங்க. போன்ல ஒரு ஆப் சொல்றத அனுப்பறனுங்க. உங்க மெசேஜ் சத்தம் கேட்டா மட்டுந்தான் மாமா கண்ணு முழிக்கறாரு. நிறுத்த மனசு வரலீங்க."

ஆரோக்கியராஜ் அங்கேயே உட்கார்ந்து ஒரு நகர்த்தல் அனுப்பினான். தலைமாட்டில் போன் ஒலித்தது. கண்கள் திறந்தன. விட்டத்தில் எதையோ தேடின, அவன் முகத்தையும் கடந்து போயின.

"அண்ணாச்சி, நாந்தான் ஆரோக்கியம்."

கண்கள் மூடிக்கொண்டன.

அதன்பிறகும் அவன் ஆடினான். ஜெயிக்க முடியாதென்று தெரியும். ஆட்டம் இழுபட்டுக்கொண்டே போனால் போதுமென்று சாப்பாட்டு நேரம் முழுக்க யோசித்து அனுப்பினான்.

ஆடி மாதம் அவளே போன் செய்தாள். "அண்ணா, இப்பெல்லாம் சத்தத்துக்கும் முழிக்கறதில்லீங்க. நீங்க செரமப்பட வேண்டாமுங்க."

"செரமம் ஒண்ணுமில்லம்மா," என்றான்.

அன்று அவன் எதுவும் அனுப்பவில்லை. மறுநாளும் இல்லை. வேலை விட்டு அறைக்கு வந்தவன், சோறு பொங்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.