சாட்சிச் சீட்டு எண் 187

1

வெர்னா ஹாஸ்கின்ஸ் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்து மூன்று வயது. வலது முழங்காலுக்குள் எஃகுத் தகடு. கையில் நான்காக மடித்த ஒரு தாள். சட்டமன்றத்தின் தெற்கு வாசலில் மெட்டல் டிடெக்டருக்கு முன்னால் இருநூறு பேர் நின்றார்கள். அவள் பெயரைக் கூப்பிட இன்னும் பதினொரு நிமிடம். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த பெயர். செத்துப்போன தம்பியைப் பற்றிப் பேச அவளுக்குக் கிடைத்த இரண்டு நிமிடம் யாரோ ஒருவருக்குப் போய்விடும்.

[இங்கே நிறுத்துகிறேன். வார இதழ்களைத் தின்று வளர்ந்தவன் நான். முதல் வரியில் யாராவது ஓடாவிட்டால் எனக்குக் கதை எழுத வராது. ஆனால் இவள் உண்மையிலேயே ஓடினாள். அது என் குற்றமில்லை.]

கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பேனாக் குறியிலிருந்து. நீல மை, அரை அங்குலம்கூட இல்லை. இந்த மாநிலத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. சட்டமன்றக் குழு ஒன்றில் சாட்சிச் சீட்டு வாங்கும் குமாஸ்தா வேலை. மசோதாவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் என் மேஜையில் சீட்டு நிரப்ப வேண்டும்: பெயர், ஊர், தொழில், கீழே மூன்று பெட்டி. ஆதரவு, எதிர்ப்பு, தகவலுக்கு மட்டும். சீட்டைப் பார்த்து நான் கணினியில் ஏற்றுவேன். பெட்டியில் குறி இல்லாத சீட்டைக் கணினி ஏற்காது.

செவ்வாய்க்கிழமை வந்த மசோதா இதுதான்: துப்பாக்கியை மறைத்து எடுத்துக்கொண்டு வெளியே போக இனி பர்மிட் தேவையில்லை. வகுப்பு வேண்டாம், சுடும் தேர்வு வேண்டாம், கைரேகை வேண்டாம். மசோதாவுக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். ராய்ஸ் சட்டம்.

ராய்ஸ், வெர்னாவின் தம்பி.

2

இருநூறு பேர் வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வாசல் உண்டு. அங்கே ஈ காக்கா இருக்காது. துப்பாக்கி பர்மிட் வைத்திருப்பவர்களுக்கான வழி.* அட்டையைக் காட்டினால் போதும். பை திறக்க வேண்டாம், பெல்ட் கழற்ற வேண்டாம். அரசாங்கமே ஆராய்ந்து சரி என்று சொன்ன ஆள் அல்லவா.

வெர்னா அங்கே போனாள். காவலர் ஆர்லோ பிற்பாடு காபி குடிக்கும்போது எனக்குச் சொன்னது இது.

"அட்டை இருக்கா மேடம்?"

"இருக்கு. இந்தா."

"துப்பாக்கி?"

"அதெல்லாம் இல்ல. அட்டை இருந்தா போதுமில்ல?"

"போதும் போதும். பாதிப் பேரு அப்படித்தான் வர்றாங்க. எங்கேந்து வர்றீங்க இம்புட்டு வேகமா?"

"நாலு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்தேன். ஸ்கூல் பஸ் ஓட்டுறவ, நாப்பதுக்கு மேல கால் அழுத்தாது. உள்ள விடுறியா, இல்ல என் வாழ்க்கை வரலாறும் வேணுமா?"

* துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட இந்த வாசலுக்காகவே பர்மிட் வாங்குகிறார்கள். நிருபர்கள், வக்கீல்கள், சிபாரிசுக்காக அலைகிறவர்கள். அன்று மசோதாவை எதிர்க்க ஆரஞ்சுச் சட்டையில் வந்தவர்களில் ஒன்பது பேர் இதே வழியில்தான் வந்தார்கள் என்றார் ஆர்லோ. எழுத்தாளன் கற்பனை செய்திருந்தால் ஆசிரியர் வெட்டியிருப்பார்.

3

இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று முதலில் நினைத்தேன். 'பர்மிட் இல்லாத துப்பாக்கியும் குற்றங்களின் எண்ணிக்கையும்' என்று ஆரம்பித்து, பல மாநிலங்களின் அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால் நமக்குத் தெரியவருவது என்னவென்றால்

[விட்டுவிட்டேன். தெரியவரவில்லை.]

அதற்குப் பதில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். காலையில், மசோதாவை ஆதரிக்க வந்த நீலச் சட்டைக்காரர் ஒருவர் பெரிய அட்டையில் ஒரு வரைபடம் கொண்டு வந்தார். பக்கத்து மாநிலம் ஒன்றில் பர்மிட்டை எடுத்த பிறகு கொலைகள் குறைந்தன. கோடு கீழே இறங்கியது. அரைமணி கழித்து ஆரஞ்சுச் சட்டைப் பேராசிரியை ஒருவர் ஒரு வரைபடம் கொண்டு வந்தார். அதே மாநிலம், அதே காவல் துறைக் கணக்கு. கோடு மேலே ஏறியது. இரண்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் கோட்டை மூன்று வருடம் முன்னால் தொடங்கியிருந்தார்.

அதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நானும் கதையை வெர்னா ஓடுகிற இடத்தில் தொடங்கியவன்தானே?

4

மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினர் லைல் டெனிசன் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவர் மேல் அல்ல, அவரை நான் எழுதுகிற விதத்தின் மேல். முதல் வரைவில் அவரை வில்லனாக்கினேன். மோதிரம், வாசனைத் தைலம், வழுக்கும் சிரிப்பு. அடித்துவிட்டேன். ராய்ஸின் அடக்கத்துக்கு அந்த மனிதர் போயிருந்தார், யாரும் கூப்பிடாமல். சவப்பெட்டியைத் தூக்க ஓர் ஆள் குறைந்தபோது தோள் கொடுத்தார்.

அவர் ஊர் ஊராகச் சொன்ன கதை இது: ராய்ஸ் ஒரு பெட்ரோல் பங்கில் தன் வண்டியைப் பறிக்க வந்தவனிடம் மாட்டிக்கொண்டார். அவருக்குச் சொந்தமாகத் துப்பாக்கி உண்டு, ஆனால் பர்மிட் இல்லை. சட்டத்துக்குப் பயந்து துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். சுடப்பட்டார். பர்மிட் என்ற காகிதம் அவரைக் கொன்றது. வெர்னா கையில் இருந்த தாள் டெனிசன் அலுவலகம் தட்டச்சு செய்து கொடுத்தது. ஒரு நிமிடம் ஐம்பது விநாடிக்கு அளந்தது.

நடைவழியில் ஆரஞ்சுச் சட்டை நடீன் அவளை மறித்தாள். நடீன் செவிலி, துப்பாக்கிக் காயங்களைக் கழுவிக் கழுவி அலுத்தவள்.

"வெர்னா, ஒரு நிமிஷம். உங்க தம்பியச் சுட்டவன் இருக்கானே, அவன்கிட்டயும் பர்மிட் இல்ல. அத மட்டும் சொல்லுங்க, போதும்."

"நீங்களும் எழுதிக் கொண்டாந்திருக்கீங்களா?"

"குறிப்பு மாதிரிதான். சின்னதா."

"குடுங்க. ரெண்டு கைக்கும் ரெண்டு. பேலன்ஸா நடக்கலாம்."

இரண்டு தாளும் உண்மை போலத்தான் இருந்தன. ஆனால் வெர்னாவிடம் இரண்டிலும் இல்லாத ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் ஊர் முழுக்கத் தம்பியை வேறு கண்ணால் பார்க்கும், அவளையும் சேர்த்து. சொல்லாவிட்டால் பொய் ஒன்று தம்பி பெயரிலேயே சட்டமாகும். அதற்காகத்தான் நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தாள். சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் முடிவு செய்யவில்லை.

5

என் மேஜைக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. சீட்டு எண் 187. பெயர் எழுதினாள். தொழில் எழுதினாள். பேனா பெட்டிகளின் மேல் நின்றது.

"எதுல போடணும் கண்ணு?"

"உங்க விருப்பம் மேடம். டெனிசன் ஆபீஸ் பட்டியல்ல ஆதரவுன்னு இருக்கு."

"அவங்க பட்டியல் அவங்களோடது. எனக்கு இதுல எதுவும் பொருந்தல."

"அப்போ மூணாவது? தகவலுக்கு மட்டும். நடுநிலை மாதிரி."

நிமிர்ந்து பார்த்தாள். இருபது வருடம் பஸ்ஸின் பின்சீட்டுக் குரங்குகளைக் கண்ணாடியிலேயே அடக்கிய பார்வை.

"நடுநிலையா? செத்தது என் தம்பி. நான் நடுவுல இல்ல."

"குறி இல்லாம கணினி வாங்காதுங்க. உங்க பேரு திரையில ஏறாது, பேச விடமாட்டாங்க."

பேனா முனை மூன்று பெட்டிகளுக்கும் மேலே வட்டமடித்தது. உள்ளே தலைவர் அந்தப் பட்டியலைப் பார்த்து மைக்கில், "வெர்னா ஹாஸ்கின்ஸ்... வெர்னா ஹாஸ்கின்ஸ் இருக்காங்களா?" என்றார். இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை கூப்பிட மாட்டார்.

அவள் எழுந்து ஓடினாள். சீட்டில் குறி விழுந்தது. பெயர் திரையில் ஏறியது.

6

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

(அ) பையைத் திறக்கிறாள். உள்ளே ராய்ஸின் துப்பாக்கி. அந்த வாசலில்தான் யாரும் பையைச் சோதிக்கவில்லையே! — பழைய பழக்கத்தில் நான்கு பக்கம் எழுதினேன், நன்றாக வந்தது. கிழித்துவிட்டேன். பையில் இருந்தவை முழங்கால் வலிக்கு ஒரு களிம்பு, பாதி சாண்ட்விச்.

(ஆ) டெனிசனின் தாளை வாசிக்கிறாள். அரங்கம் அழுகிறது.

(இ) அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு நடீனின் குறிப்பை வாசிக்கிறாள். அரங்கத்தின் இன்னொரு பாதி அழுகிறது.

நடந்தது வேறு. அவள் இரண்டு தாளையும் மைக் மேஜையில் கவிழ்த்து வைத்தாள். பதிவிலிருந்து அப்படியே தருகிறேன்.

"ராய்ஸ் துப்பாக்கிய வீட்ல விட்டுட்டுப் போகல. சட்டத்துக்கும் பயப்படல, அவன் எதுக்கும் பயப்பட மாட்டான். துப்பாக்கி என் வீட்ல இருந்துச்சு. ஃப்ரீசர்ல, பட்டாணிப் பாக்கெட்டுக்கு அடியில. நான்தான் வச்சேன். பொண்டாட்டி போனதுக்கப்புறம், பிப்ரவரி மாசம், அவன் அடுப்படியில உக்காந்து அதத் தன் நெத்தியில வச்சிருந்தான். நான் பாத்தேன். புடுங்கிட்டு வந்தேன். பர்மிட் வகுப்புக்கு ரெண்டு பேருமா பேரு குடுத்திருந்தோம். நான் மட்டும் போனேன், அவன போகவிடல. ஏப்ரல்ல வந்து கேட்டான். இப்ப நல்லாயிட்டேன் அக்கா, குடுன்னான். நல்லாத்தான் இருந்தான், சிரிச்சான். நான் குடுக்கல. மே மாசம் அந்தப் பங்க்குல செத்தான். அதனால சட்டம் அவன் துப்பாக்கியப் புடுங்குச்சுன்னு யாரும் சொல்லாதீங்க. நான் புடுங்கினேன். குடுத்திருந்தா மே மாசம் பொழச்சிருப்பானா? இல்ல, புடுங்கலன்னா பிப்ரவரியிலயே போயிருப்பானா? தெனம் காலையில பஸ்ஸுக்குச் சாவி போடும்போது—"

மணி அடித்தது. இரண்டு நிமிடம்.

டெனிசன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். நடீன் சுவரைப் பார்த்தாள். ஒரு உறுப்பினர் மட்டும், "மன்னிக்கணும் மேடம், அப்ப நீங்க ஆதரவா, எதிர்ப்பா?" என்று கேட்டார்.

தலைவர் திரையைப் பார்த்து அவளுக்கு வேலை வைக்காமல் சொன்னார்: "ஆதரவுன்னு போட்டிருக்காங்க."

வெர்னா திரையைத் திரும்பிப் பார்த்தாள். விமான நிலையத்தில் சுழலும் பட்டையில் வருகிற பெட்டி தன்னுடையதுதானா என்று பார்ப்பவள் போல. பிறகு எழுந்து போனாள்.

7

அன்று சாயங்காலமே இரண்டு காணொளிகள் ஊரைச் சுற்றின. நீலச் சட்டைக்காரர்கள் ஏப்ரலில் தொடங்கி மேயில் முடித்தார்கள்: கேட்டான், கிடைக்கவில்லை, செத்தான். ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் பிப்ரவரியோடு நிறுத்திக்கொண்டார்கள். வரைபடம் மாதிரியேதான். இதை நான் திட்டமிட்டு அமைக்கவில்லை என்று நம்புங்கள்.

மசோதா குழுவைத் தாண்டியது. ராய்ஸ் என்ற பெயரை மட்டும் டெனிசனே எடுத்துவிட்டார். அந்த ஒன்றுக்காவது வெர்னாவின் இரண்டு நிமிடம் பயன்பட்டது.

சீட்டு விவரத்தில் தவறு இருந்தால் திருத்தலாம். பதிவு வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மூடும். இன்று வியாழன். இன்று பகலில் வெர்னாவுக்கு ஃபோன் செய்தேன். பஸ் கழுவிக்கொண்டிருந்தாள், தண்ணீர் சத்தம் கேட்டது.

"மேடம், சீட்டுல ஆதரவுன்னு இருக்கு. சரியான்னு கேக்கத்தான்..."

"நானும் அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன் கண்ணு. நான் எப்ப அதுல போட்டேன்?"

சீட்டை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

"ஓடுற அவசரத்துல கை போட்டிருக்கு. எனக்கு ஞாபகமே இல்ல. ரெண்டு நாளா அதான் மனசுல ஓடுது. பதிமூணு மாசமா என்னையே கேட்டுட்டிருக்கேன், குடுத்திருக்கணுமா வேணாமான்னு. பதில் வரவே இல்ல. கை பாரு, டக்குனு போட்டுருச்சு. அப்ப உள்ளுக்குள்ள குடுத்திருக்கணும்னுதான் நெனச்சிருக்கேன் போல. அவன நான்தான்..."

தண்ணீரை நிறுத்தினாள்.

"இருக்கட்டும் விடு. மாத்தாத. தெரிஞ்சதும் ஒரு வகையில நல்லதுதான்."

வைத்துவிட்டாள்.

கதையை முடிக்க வேண்டியது நீங்கள். சீட்டு எண் 187 என் மேஜையில் இருக்கிறது, பக்கத்தில் ஃபோன். நாளை ஐந்து மணிவரை நேரம் உண்டு. மறுபடி கூப்பிடு என்பீர்களோ, பேசாமல் இரு என்பீர்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் சொல்வதற்கு முன், ஐந்தாம் பகுதியில் நான் மறைத்த ஒரு வரியை நீங்கள் படித்தாக வேண்டும். அங்கே 'குறி விழுந்தது' என்று எழுதிவிட்டுச் சட்டென்று தாண்டிப் போனேன்.

வெர்னா பேனாவைச் சீட்டின் மேல் போட்டுவிட்டு ஓடினாள். தாளில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அவள் முறை போய்விடக் கூடாதே என்று, கைக்கு எட்டிய முதல் பெட்டியில், குறி போட்டது நான்.